மணிக்கட்டு சொல்லும் களைப்பு

உடற்பயிற்சியின்போது ஒருவர் உணரும் சிரமம் தசையிலிருந்து நேராக மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. ஓடினால் கால் கனக்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இவற்றின் கூட்டுத்தொகையே களைப்பு. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் இந்தக் கணக்கில் இன்னொரு வரவையும் சேர்த்திருக்கின்றன. தன் உடலைப் பற்றி வெளியிலிருந்து ஒருவருக்குச் சொல்லப்படும் தகவலும் அவருடைய களைப்பில் பங்கு பெறுகிறது. அந்தத் தகவல் பொய்யாக இருந்தாலும் உடல் அதை ஓரளவுக்கு நம்பிவிடுகிறது. இதயத் துடிப்பையும் காலடிக் கணக்கையும் தூக்கத்தின் தரத்தையும் மணிக்கட்டிலேயே படித்துக்கொள்ளும் காலத்தில் இந்த உண்மை ஆய்வகத்தைத் தாண்டி வந்துவிட்டது.

இதை யோசிக்கப் பெங்களூர் பொருத்தமான ஊர். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் எச்.எம்.டி. தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கேதான் தொடங்கியது. தமிழக அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், தொழிற்சாலையை ஓசூரிலும் தலைமையகத்தைப் பெங்களூரிலும் வைத்துக்கொண்டது. இன்று ஸ்மார்ட்வாட்சுகளும் விற்கிறது. விரலில் அணியும் மோதிரத்திலேயே துடிப்பையும் தூக்கத்தையும் அளக்கும் அல்ட்ராஹியூமன் 2019-இல் இதே ஊரில் பிறந்த நிறுவனம். கப்பன் பூங்காவிலும் லால்பாக்கிலும் காலையில் ஓடுபவர்களும், நந்தி மலைக்குச் சைக்கிள் மிதிப்பவர்களும், 2008 முதல் நடந்துவரும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்பவர்களும் இந்தக் கருவிகளின் அன்றாட வாசகர்கள். மணி மட்டும் காட்டிவந்த கடிகாரம், கட்டியிருப்பவரின் நிலையைக் கட்டியிருப்பவருக்கே சொல்லத் தொடங்கிய மாற்றம் முழுவதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது.

சிரமத்தை அளப்பதற்கான முதல் நம்பகமான கருவியில் மின்சாரம் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் 1960-களில் வகுத்த அளவுகோல் அது. 6-இல் தொடங்கி 20-இல் முடியும். 6 என்றால் சிரமமே இல்லை. 13 என்றால் சற்றுக் கடினம். 20 என்றால் இதற்கு மேல் முடியாது. பயிற்சி செய்பவர் தன் நிலைக்குரிய எண்ணைத் தானே சொல்ல வேண்டும். 6, 20 என்ற விநோதமான எல்லைகளுக்குக் காரணம் உண்டு: சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஓர் இளைஞரின் நிமிடத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். ஓய்வில் 60, உச்சத்தில் 200. உணர்வும் துடிப்பும் பெரும்பாலும் கைகோத்துச் செல்கின்றன என்று போர்க் கண்டதன் பதிவு இது. கைகோத்துச் செல்பவை ஒன்றையொன்று இழுக்கவும் கூடும் என்பது பின்னால் தெரியவந்தது.

அந்த இழுப்பின் முதல் தடயம் உடற்பயிற்சித் துறையில் கிடைத்ததல்ல. 1966-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டூவர்ட் வாலின்ஸ் கல்லூரி மாணவர்களுக்குப் பெண்களின் படங்களைக் காட்டினார். கூடவே, அவர்களுடைய சொந்த இதயத் துடிப்பு என்று சொல்லி ஓர் ஒலியைக் கேட்கவைத்தார். அது முன்கூட்டியே பதிவு செய்த போலி ஒலி. எந்தப் படங்களின்போது துடிப்பு மாறியதாக மாணவர்கள் நம்பினார்களோ அந்தப் படங்களையே கூடுதலாக விரும்புவதாகச் சொன்னார்கள். இதயம் எதையும் செய்யவில்லை. அது செய்ததாக வந்த சேதி போதுமானதாக இருந்தது.

இதே உத்தியை உடல் உழைப்புக்குக் கொண்டுவந்தவர்கள் இத்தாலிய ஆய்வாளர்கள். பியர்பாவ்லோ இயோதிச்சே, ஜொவான்னி பெட்சூலோ முதலியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிலைச்சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அவர்களுடைய துடிப்பு என்று ஓர் ஒலி கேட்கவைக்கப்பட்டது. சில வேளை அது உண்மையான வேகத்தில் இருந்தது; சில வேளை கூட்டப்பட்டது; சில வேளை குறைக்கப்பட்டது. மிதிக்கும் பளு மாறவில்லை. துடிப்பு வேகமாகக் கேட்டபோது பங்கேற்றவர்கள் கூடுதல் சிரமம் உணர்ந்தார்கள். மெதுவாகக் கேட்டபோது சிரமம் அதற்கு ஈடாகக் குறைந்துவிடவில்லை. அபாயச் சேதி உள்ளே போயிற்று. ஆறுதல் சேதி வாசலிலேயே நின்றுவிட்டது.

இந்தச் சமனின்மை வேறோர் இடத்திலும் தென்பட்டிருக்கிறது. டல்லாஸில் ஜான் வில்லியம்சனின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அறிதுயிலுக்கு உட்பட்டவர்கள் ஒரே பளுவில் சைக்கிள் மிதித்தார்கள். மேடு ஏறுகிறீர்கள் என்று சொல்லப்பட்டபோது சிரம உணர்வு ஏறியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும்கூட ஏறின. இறக்கத்தில் போகிறீர்கள் என்றபோது சிரம உணர்வு மட்டும் இறங்கியது. துடிப்பும் அழுத்தமும் இருந்த இடத்திலேயே இருந்தன. இல்லாத மேட்டுக்கு இதயமே இசைந்தது. இல்லாத இறக்கத்துக்கு அது ஏமாறவில்லை. 1,478 மீட்டர் உயர நந்தி மலையின் வளைவுகளில் ஏறும் சைக்கிள்காரரின் கைப்பிடியில், பாதை எத்தனை சதவீதம் சரிகிறது என்று காட்டும் சிறுகருவி இருக்கிறது. அந்த எண் கால்களுக்கு முன்னால் மனத்துக்கு மேட்டைக் காட்டிவிடுகிறது.

ஆனால் நல்ல சேதிக்குப் பலனே இல்லை என்று இதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது. மேலே சொன்ன சோதனைகளில் பளு நிலையானது. மிதிப்பவரால் அதை மாற்ற முடியாது. வேகத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை கிடைக்கும்போது மனிதர்கள் வேறுவிதமாக நடந்துகொள்கிறார்கள். பிரிட்டனில் பால் காஸில் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏழு பேர் அரை மணி நேரம் தங்களால் முடிந்த அளவு சைக்கிள் மிதித்தார்கள். 22 டிகிரி அறையில் சராசரியாக 16.63 கிலோமீட்டர் கடந்தார்கள். 31 டிகிரி வெப்பமும் 64 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் அது 15.88 ஆகக் குறைந்தது. மூன்றாம் முறை அறை முன்போலவே 31 டிகிரிக்கு மேல் இருந்தது. ஆனால் 26 டிகிரி என்று காட்டப்பட்டது. அவர்களுடைய உடல் வெப்பமும் 0.3 டிகிரி குறைத்துக் காட்டப்பட்டது. கடந்த தொலைவு 16.74 கிலோமீட்டர். வெப்பம் பறித்துக்கொண்டதை ஒரு பொய்யான வெப்பமானி மீட்டுக் கொடுத்துவிட்டது. சோதனையின் இரண்டு அறைகளையும் தென்னிந்திய வாசகர் எளிதில் அடையாளம் காண்பார்: ஒன்று ஏறக்குறைய பெங்களூரின் காலை, மற்றது சென்னையின் காலை.

அதே 2012-இல் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தின் மார்க் ஸ்டோன், கெவின் தாம்சன் குழுவினரின் ஆய்வும் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் திரையில் ஓர் உருவத்தோடு 4,000 மீட்டர் போட்டியிட்டார்கள். அந்த உருவம் அவர்களுடைய சொந்தப் பழைய சாதனை என்று சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அதன் ஆற்றல் இரண்டு சதவீதம் கூட்டப்பட்டிருந்தது. வீரர்கள் தங்கள் பழைய நேரத்தை முறியடித்தார்கள். தம்மால் முடிந்த எல்லை என்று எண்ணியிருந்த இடத்துக்கு அப்பாலும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது.

இரண்டு வகைச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. காஸிலின் சைக்கிள்காரர்கள் கூடுதல் தொலைவு போனபோது கூடுதல் களைப்பைச் சொல்லவில்லை. எவ்வளவு சிரமத்தைத் தாங்குவது என்று உள்ளுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் எவ்வளவு வேலை அடங்குமோ அவ்வளவையும் செய்தார்கள். சேதி மாறியதும் வேலையின் அளவு மாறியது. வேலை கட்டாயமானால் சேதி உணர்வை மாற்றுகிறது. வேலை விருப்பத்துக்கு விடப்பட்டால் சேதி வேலையை மாற்றுகிறது. 1980-இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் ஜீன் லைட்னரும் கண்டதும் இதற்கு ஒத்தது. ட்ரெட்மில்லில் தங்கள் மூச்சொலியையே ஹெட்போனில் கேட்டவர்கள், தெருவோசை கேட்டவர்களைவிட அதிகம் களைத்ததாகச் சொன்னார்கள். மரங்களுக்கிடையே ஓடியவர்கள், மைதானத்தைச் சுற்றி ஓடியவர்களைவிட வேகமாக ஓடினார்கள். களைப்பு இருசாராருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. கவனம் உள்ளே திரும்பினால் களைப்பு பெரிதாகிறது. மணிக்கொருதரம் அதிர்ந்து உடல்நிலை சொல்லும் கருவியின் முதல் வேலையே கவனத்தை உள்ளே திருப்புவதுதான்.

இந்த விளைவு பயிற்சி முடிந்த பிறகும் தொடர்வதாக ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஒக்டாவியா ஸார்ட், ஆலியா க்ரம் முதலியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 162 பேருக்கு ஆப்பிள் வாட்ச் கொடுத்து, நான்கு வாரங்கள் காலடிக் கணக்கைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குச் சரியான கணக்கு. ஒரு பகுதியினருக்கு 40 சதவீதம் குறைத்து. ஒரு பகுதியினருக்கு 40 சதவீதம் கூட்டி. குறைத்துக் காட்டப்பட்டவர்களின் தன்மதிப்பு சரிந்தது, சாப்பாடு கெட்டது, துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. கூட்டிக் காட்டப்பட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இங்கும் கெட்ட சேதியே பலித்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்குக்கே மருத்துவ அடிப்படை பலவீனமானது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மான்போ-கெய் என்ற அடிமானியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. ஏழாயிரம் அடி நடந்து நன்றாக இருக்கும் ஒருவரை மூவாயிரம் அடி கடனாளியாக்கும் சக்தி அந்த எண்ணுக்கு இருக்கிறது.

மூளை ஏன் இப்படி நடந்துகொள்கிறது? ஆர்ச்சிபால்ட் ஹில் 1920-களில் முன்வைத்த கருத்துப்படி உழைப்பின் எல்லை தசையிலும் இதயத்திலும் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்ஸ் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இதை எதிர்த்தார்: உடல் சேதமடையும் முன்பே மூளை வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, களைப்பு என்பது அந்தக் கட்டுப்பாட்டின் உணர்வு வடிவம் என்றார். சாமுவேலே மார்கோரா இன்னொரு பக்கம் போனார். ரகசியக் காவலர் எவரும் தேவையில்லை, உணரப்படும் சிரமமும் அதைத் தாங்கும் விருப்பமும் போதும் என்றார். 2009-இல் அவர் காட்டியது, கடினமான மனவேலை செய்துவிட்டு வந்தவர்கள் தசையிலும் இதயத்திலும் குறையின்றியே சீக்கிரம் கைவிட்டார்கள் என்பது. நோக்ஸுக்கும் மார்கோராவுக்கும் இடையிலான சச்சரவு தீரவில்லை. ஆனால் சிரமம் மூளை எழுதும் தீர்ப்பு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தத் தீர்ப்புக்குச் சாட்சிகள் பல. தசைக்கு மூளை அனுப்பும் கட்டளையின் அளவு ஒரு சாட்சி. தசையை மருந்தால் தளர்த்தினால் அதே எடை கனமாகத் தோன்றுவதை ஆஸ்திரேலியாவில் மக்லாஸ்கியும் கன்டேவியாவும் 1970-களில் காட்டினார்கள். மூச்சும் வெப்பமும் வேறு சாட்சிகள். இதயத் துடிப்பு இவற்றில் மங்கலான ஒன்று. அமைதியாக உட்கார்ந்து தன் துடிப்பை எண்ணச் சொன்னாலே பலர் தவறாக எண்ணுகிறார்கள். உள்ளிருந்து வரும் குரல் மங்கலாக இருக்கும்போது, வெளியிலிருந்து தெளிவாக, எண்ணாக, வண்ணமாக வரும் குரலுக்கு எடை கூடுகிறது. ஆறுதலைவிட அபாயத்துக்கு மூளை அதிகம் செவிசாய்ப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. தவறான எச்சரிக்கையின் விலை கொஞ்சம் ஓய்வு. தவறான ஆறுதலின் விலை உயிராகவும் இருக்கலாம்.

ஆய்வாளர்கள் வேண்டுமென்றே சொன்ன பொய்களைக் கருவிகள் அறியாமலே சொல்கின்றன. கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் வந்துபோவதால் ஏற்படும் ஒளி மாற்றத்தைக் கொண்டு துடிப்பைக் கணிக்கிறது. கை அசைந்தால் அதே ஒளி அசைவையும் பதிவு செய்யும். ஓடுபவரின் காலடி நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை விழும். இதயமும் அந்த எல்லைக்கருகே இயங்கும்போது கருவி சில வேளை காலடியையே துடிப்பாக எண்ணிவிடும். வார் தளர்ந்திருந்தால் இது கூடுதல். நந்தி மலையின் விடியற்குளிரில் தோலின் ரத்த நாளங்கள் சுருங்குவதால் சமிக்ஞை மெலிகிறது. பழுதான சாலையில் சைக்கிளின் அதிர்வு அதைக் குழப்புகிறது. 130-இல் நிதானமாக ஓடும் ஒருவருக்கு 172 என்று காட்டினால், இத்தாலியச் சோதனை எந்த ஆய்வாளரும் இல்லாமலே நடந்து முடிகிறது.

எண் சரியாக இருந்தாலும் அதன்மேல் பூசப்படும் சிவப்பு வண்ணம் தவறாகலாம். பல கருவிகள் துடிப்பு மண்டலங்களைப் பிரிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தையோ அதன் உறவினரையோ நம்புகின்றன. இது 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸும் ஹாஸ்கெல்லும் அப்போது கிடைத்த தரவுகளின் மேல் போட்ட தோராயக் கோடு. 2001-இல் தனாகா குழுவினர் 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் சூத்திரத்தைத் தந்தார்கள். இரண்டும் 40 வயதுக்காரருக்கு 180 என்றே சொல்கின்றன. ஆனால் 40 வயதுக்காரர்களில் ஒருவரின் உச்சம் 168 ஆகவும் இன்னொருவரின் உச்சம் 192 ஆகவும் இருப்பது இயல்பே. பின்னவர் தன் வசதியான வேகத்திலேயே சிவப்பைப் பார்த்துப் பதறுவார். முன்னவர் உச்சத்தை நெருங்கியும் சிவப்பைப் பார்க்காமல் திணறுவார். ஊர் மாறினாலும் கணக்கு மாறும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. மறுபக்கம், சென்னையின் புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இந்த விவரங்கள் எதுவும் மணிக்கட்டின் எண்ணில் எழுதப்பட்டிருப்பதில்லை.

மணிக்கட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. யோகிகள் இதயத்தை நிறுத்துகிறார்கள் என்ற கூற்றை 1935-இல் இந்தியா வந்த பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ரோஸின் பதிவுகள் உலகறியச் செய்தன. 1950-களின் பிற்பகுதியில் மாரியன் வெங்கரும் பாசு குமார் பாக்சியும் கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தியாவில் சுற்றினார்கள். டெல்லி எய்ம்ஸின் பால் கிருஷன் ஆனந்தும் சேர்ந்துகொண்டார். 1961-இல் வெளியான அவர்களுடைய முடிவு தெளிவானது. யோகி மூச்சை அடக்கி வயிற்றையும் மார்பையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடுகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை, இதய ஒலியும் கேட்பதில்லை. ஆனால் ஈசிஜி தாளில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது. அங்கே யோகி மணிக்கட்டைக் கொண்டு பார்வையாளரை நம்பவைத்தார். இன்று மணிக்கட்டு, அணிந்திருப்பவரையே நம்பவைக்கிறது.

நம்பிக்கையின் விளைவு பொதுவெளியிலும் தெரிகிறது. நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சி செய்த காலையில் நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டு 46 வயதில் இறந்தபோது, பெங்களூர் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்காகக் கூட்டம் பெருகியது. அத்தகைய அச்சம் நிலவும் ஊரில் ஒரு சிவப்பு எண் வெறும் எண்ணாக இருக்காது. அச்சமே துடிப்பைக் கூட்டும். கூடிய துடிப்பு அச்சத்தை உறுதி செய்யும்.

ஆய்வகத்தில் இப்படிப் பொய் சொல்ல விதிகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி, ஏமாற்றை உள்ளடக்கிய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முடிந்ததும் பங்கேற்றவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தைக்கு வரும் கருவிக்கு அந்தக் கடமை இல்லை. மருத்துவக் கருவி அல்ல என்ற குறிப்போடு பெரும்பாலானவை விற்கப்படுகின்றன. 'மீட்சி', 'ஆயத்தநிலை' என்று அவை தரும் மதிப்பெண்கள் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பது நிறுவனங்களின் தொழில் ரகசியம். அலுவலகங்கள் காலடிப் போட்டி வைக்கின்றன. சில மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் நடையின் அளவைப் பார்த்துச் சலுகை தருகின்றன. ஒருவருடைய களைப்பைக் கூட்டும் சக்தியுள்ள எண், அவருக்குச் சம்பளமோ சலுகையோ தருபவரின் கணக்கிலும் ஏறுகிறது. எண் எப்படிப் பிறந்தது, எவ்வளவு பிழைக்கு இடமுள்ளது என்பதைத் திரையிலேயே சொல்லும்படி கருவிகளைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

விளையாட்டுப் பயிற்சியாளர்கள் கையாளும் எளிய முறை ஒன்று அணிபவர் எவருக்கும் உதவும். கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய அந்த முறையில், பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணை வீரர் சொல்கிறார். அதை நிமிடங்களால் பெருக்கிக் குறித்துக்கொள்கிறார்கள். கருவியின் எண் தனியாக நிற்கிறது. வீரர் தன் எண்ணைக் கருவியைப் பார்க்கும் முன்பே சொன்னால்தான் இரண்டும் வெவ்வேறு சாட்சிகளாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. விலகினால், வெயில், தூக்கமின்மை, காய்ச்சல், தளர்ந்த வார் என்று காரணம் தேடலாம். முதலில் கருவியைப் பார்த்துவிட்டால், இரண்டாவது சாட்சி முதல் சாட்சியைப் பார்த்து எழுதியதாகிவிடும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் மட்டும் எந்த எண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. திரை பச்சையாக இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மற்ற நாட்களில், ஓடி முடித்ததும் தன் எண்ணைத் தானே சொல்லிக்கொண்டு அதற்குப் பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதே சரியான வரிசை.